ஒரு தோல்வி போதும்: ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பையின் ஒரு சீசன்

ஒரு போட்டித் தொடரில் வெற்றியாளரைக் கண்டறிய இரண்டு வழிகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. ஒன்று லீக் முறை. இதில் எல்லா அணிகளும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும். வெற்றிக்கு இத்தனை புள்ளி என்று சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் பட்டியலின் தலையில் நிற்பவர் யார் என்று பார்ப்பார்கள். மற்றொன்று நாக்-அவுட் முறை. இதில் இரண்டு அணிகள் மோதும். தோற்ற அணி அன்றோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும், வென்ற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். பொங்கலை ஒட்டி நம் ஊர்களில் நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது முறை புதிதல்ல. ஆனால் இரண்டு நாளில் முடிந்துவிடும் ஊர்ப் போட்டிக்கும், ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை ஒரு நாடு முழுவதும் நடக்கும் நாக்-அவுட் சீசனுக்கும் நிறைய வேறுபாடு உண்டு. அந்தப் பெரிய அளவில் இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதை, இங்கிலாந்தில் 1897 முதல் நடந்துவரும் ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பையை, குறிப்பாக அதன் 2025ஆம் ஆண்டுத் தொடரை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடலாம். நாக்-அவுட் முறையின் விதிகள் பலவாகத் தோன்றினாலும், அவை அனைத்தும் ஒரே கட்டாயத்திலிருந்து பிறந்தவை: ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் இருவரில் ஒருவர் வெளியேறியே ஆக வேண்டும். எத்தனை சுற்றுகள், யார் எப்போது உள்ளே வருவது, யாரோடு யார் மோதுவது, ஆட்டம் சமனில் முடிந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தக் கட்டாயத்தைப் பிடித்துக்கொண்டால் விடை தானாகவே கிடைத்துவிடும்.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்

ரக்பி என்ற பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. இலங்கையின் பள்ளிகளும் கழகங்களும் ஆடுவது அணிக்கு 15 பேர் கொண்ட ரக்பி யூனியன். நாம் பேசப்போவது அணிக்கு 13 பேர் கொண்ட ரக்பி லீக். 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரிலுள்ள ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கழகங்கள், அதுவரை ரக்பியை ஆண்டுவந்த அமைப்பிலிருந்து பிரிந்து தனி அமைப்பைத் தொடங்கின. பிரிவுக்குக் காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலியை இழந்தார்கள்; அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்குக் கழகங்கள் கேட்டன, பணம் பெற்று ஆடுவது விளையாட்டின் பெருமைக்கு இழுக்கு என்று பழைய அமைப்பு மறுத்தது. கூலி இழக்கும் கவலையே இல்லாதவர்கள் அப்படிச் சொல்வது எளிது. பிரிந்த வடக்குக் கழகங்கள் மெல்ல மெல்லத் தம் விதிகளையும் மாற்றிக்கொண்டன, அதுவே இன்றைய ரக்பி லீக் ஆயிற்று.

ஆட்டம் 80 நிமிடம். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் அது டிரை, அதற்கு 4 புள்ளிகள். டிரை வைத்த அணிக்கு, அந்த இடத்துக்கு நேர் பின்னால் பந்தை வைத்துக் கம்பங்களுக்கு இடையே உதைக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அது கன்வெர்ஷன், அதற்கு 2 புள்ளிகள். கம்பங்களுக்கு நேரே டிரை வைத்தால் உதை எளிது, மைதானத்தின் ஓரத்தில் வைத்தால் கடினம். பெனால்டி உதைக்கு 2 புள்ளிகள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும்பும் கணத்தில் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் டிராப் கோல். அதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளிதான். பந்து வைத்திருப்பவரை எதிரணி பிடித்து நிறுத்தினால் அது ஒரு டேக்கிள். பிடிபட்டவர் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டிவிட, ஆட்டம் தொடரும். ஆறாவது டேக்கிளோடு பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், ஐந்து டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கழித்தல் கணக்கு

நாக்-அவுட் தொடரில் எத்தனை ஆட்டங்கள் நடக்கும் என்று கண்டுபிடிக்கச் சுற்றுகளை எண்ணிக் கூட்ட வேண்டியதில்லை. ஓர் ஆட்டம் ஓர் அணியை வெளியேற்றுகிறது. கடைசியில் ஓர் அணிதான் மிஞ்ச வேண்டும். ஆகவே 32 அணிகள் இருந்தால் 31 ஆட்டங்கள், 64 அணிகள் இருந்தால் 63 ஆட்டங்கள். சமனில் முடிந்து மறு ஆட்டம் ஏதும் வராதவரை இந்தக் கணக்கு தவறாது. 2025இல் 12 அணிகள் ஆடிய சூப்பர் லீக்கில், அதாவது ரக்பி லீக்கின் முதல் நிலைத் தொடரில், ஒவ்வோர் அணியும் 27 ஆட்டங்கள் ஆடிய பிறகுதான் பட்டியல் முடிவானது. அதே ஆண்டு சேலஞ்ச் கோப்பையை வெல்ல ஒரு சூப்பர் லீக் அணிக்கு ஐந்து வெற்றிகள் போதுமானவையாக இருந்தன. ஐந்து மட்டும்தான் என்று கேட்கும்போது மலிவாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஐந்தில் ஒன்றைக்கூடத் தவறவிட முடியாது. லீக்கில் முதலிடம் பிடிக்கும் அணிகூட ஒரு சீசனில் சில தோல்விகளைத் தாங்கிக்கொண்டுதான் அந்த இடத்துக்கு வருகிறது.

இந்தக் கழித்தல் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை சரிபாதியாகக் குறைந்து கடைசியில் இரண்டில் நிற்க வேண்டுமானால், தொடக்க எண்ணிக்கை 8, 16, 32, 64 என்ற வரிசையில் இருக்க வேண்டும். நாட்டிலுள்ள கழகங்கள் அப்படிக் கணக்குப் பார்த்துத் தோன்றுவதில்லை. எனவே அணிகளைப் படிப்படியாக உள்ளே விடும் வழக்கம் வந்தது. சேலஞ்ச் கோப்பையில் முதல் சுற்று அமெச்சூர் கழகங்களுக்கு உரியது. வார நாட்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஆடுகிறவர்களின் அணிகள் அவை. இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகளும் இந்தக் கோப்பையில் ஆடியதுண்டு. அடுத்து சூப்பர் லீக்குக்குக் கீழேயுள்ள தொழில்முறைக் கழகங்கள் வரும். அதற்குப் பிறகே சூப்பர் லீக் அணிகள் நுழையும்.

பெரிய அணிகள் எந்தச் சுற்றில் நுழைய வேண்டும் என்பது காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. 2024இல் அவை ஆறாம் சுற்றில்தான் வந்தன. 2025இல் விதி மாறியது: சூப்பர் லீக்கின் 12 அணிகளும் மூன்றாம் சுற்றிலேயே இறங்கின, அதுவும் எதிரணியின் மைதானத்துக்குப் போய் ஆட வேண்டும் என்ற ஏற்பாட்டுடன். இதனால் ஒருதலைப்பட்சமான முடிவுகள் பல வந்தன என்பது உண்மை. முழுநேர ஆட்டக்காரர்களை எதிர்த்துப் பகுதிநேர அணி ஆடினால் ஐம்பது, அறுபது புள்ளி வித்தியாசம் வருவதைத் தடுக்க முடியாது. அப்படிப்பட்ட ஆட்டங்களால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் பாதி நியாயம்தான் தெரிகிறது. சிறிய கழகமும் பெரிய கழகமும் ஒரே மைதானத்தில் நிற்பதற்கு வேறு எந்தத் தொடரிலும் வழியில்லை. கோப்பைப் போட்டி அந்த வழியையும் அடைத்துவிட்டால், அது சூப்பர் லீக்கின் இன்னொரு பிரதியாகத்தான் இருக்கும். அதே மூன்றாம் சுற்றில் இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த பிராட்ஃபோர்டு புல்ஸ், சூப்பர் லீக் அணியான காசில்ஃபோர்டை வீழ்த்தியதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

தொடக்கச் சுற்றுகளில் விசித்திரமான சந்திப்புகள் நடக்கும். கனடாவின் டொரான்டோ நகரை மையமாகக் கொண்டு டொரான்டோ உல்ஃப்பேக் என்ற கழகம் உருவானபோது, அதன் முதல் போட்டி ஆட்டம் 2017இல் சேலஞ்ச் கோப்பையின் மூன்றாம் சுற்றில் அமைந்தது. எதிரணி, இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரின் விளிம்பிலுள்ள சிடல் என்ற அமெச்சூர் கழகம். கடல் கடந்து பெரும் திட்டங்களோடு வந்த டொரான்டோ 14-6 என்ற கணக்கில்தான் தப்பிப் பிழைத்தது.

குலுக்கலில் வரும் விதி

யாரோடு யார் மோதுவது என்பதை நாக்-அவுட் தொடரில் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பந்து. பையிலிருந்து முதலில் எடுக்கப்படும் அணிக்குச் சொந்த மைதானம், அடுத்து எடுக்கப்படும் அணி அங்கே பயணம் செய்ய வேண்டும். டென்னிஸில் செய்வதுபோல வலுவான ஆட்டக்காரர்கள் கடைசிவரை ஒருவரையொருவர் சந்திக்காதபடி அட்டவணையை முன்கூட்டியே வகுத்து வைப்பது ஒரு முறை. சேலஞ்ச் கோப்பையின் பிந்தைய சுற்றுகளில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாட்டின் இரண்டு சிறந்த அணிகள் நான்காம் சுற்றிலேயே மோதலாம். அவற்றில் ஒன்று மார்ச் மாதத்திலேயே வீட்டுக்குப் போகலாம்.

2025இல் நடந்ததைப் பாருங்கள். முந்தைய ஆண்டு விகன் வாரியர்ஸ் சேலஞ்ச் கோப்பை, லீக் முதலிடக் கேடயம், சூப்பர் லீக் இறுதிப் போட்டி (பட்டியலின் முன்னணி அணிகள் மோதி லீக் பட்டத்தை முடிவுசெய்யும் ஆட்டம்), உலகக் கழகச் சாம்பியன் பட்டம் ஆகிய நான்கையும் வென்றிருந்தது. அதே ஆண்டு ஹல் எஃப்.சி. 12 அணிகளில் 11ஆம் இடத்தில் முடித்திருந்தது. 2025 நான்காம் சுற்றுக் குலுக்கல் இந்த இரண்டையும் இணைத்தது, அதுவும் விகனின் சொந்த மைதானத்தில். ஆட்டம் 22-22 என்று சமனில் நின்று, கூடுதல் நேரத்தில் ஹல் எஃப்.சி. டிரை வைத்து 26-22 என்று வென்றது. லீக்கில் இப்படி ஒரு தோல்வி வந்தால் விகன் அதை அடுத்த வாரமே ஈடுசெய்திருக்கும். கோப்பையில் நடப்புச் சாம்பியனின் பயணம் அந்த மாலையோடு முடிந்துவிட்டது.

குலுக்கல் அங்கே நிற்கவில்லை. கால் இறுதியில் அது ஹல் எஃப்.சி.யை, அதே நகரின் மறுபாதியான ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸோடு, அதாவது ஹல் கே.ஆரோடு, சேர்த்துவிட்டது. ஹல் நகரை அதே பெயருள்ள ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரையில் கறுப்பு வெள்ளைச் சட்டை ஹல் எஃப்.சி., கிழக்குக் கரையில் சிவப்பு வெள்ளைச் சட்டை ஹல் கே.ஆர். ஒரே குடும்பத்தில் இரண்டு சட்டையும் இருப்பதுண்டு. விகனை வீழ்த்திய பெருமிதத்தோடு வந்த ஹல் எஃப்.சி.யை ஹல் கே.ஆர். வெளியேற்றியது.

அரை இறுதியில் மட்டும் சொந்த மைதானம் என்ற சலுகை கிடையாது. இரண்டு ஆட்டங்களும் பொது இடத்தில் நடக்கும். 2025இல் யார்க் நகரில் ஹல் கே.ஆர். 36-12 என்று காட்டலான்ஸ் டிராகன்ஸை வென்றது. பிரான்ஸின் தென்கோடியிலுள்ள பெர்ப்பிஞான் நகரைச் சேர்ந்த காட்டலான்ஸ், 2018இல் வாரிங்டனை 20-14 என்று வென்று, இங்கிலாந்துக்கு வெளியே இந்தக் கோப்பையைக் கொண்டுபோன முதல் அணி. செயின்ட் ஹெலன்ஸில் நடந்த மற்றோர் அரை இறுதியில் வாரிங்டன் வுல்வ்ஸ் லீ லெப்பர்ட்ஸை 21-20 என்று ஒரே புள்ளியில் தாண்டியது.

சமன் என்பதற்கு இடமில்லை

ஒருவர் வெளியேறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மிகவும் நெருக்குவது ஆட்டம் சமனில் முடியும்போதுதான். லீக்கில் ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். கோப்பையில் முடியாது. நெடுங்காலம் இதற்கு மறு ஆட்டம் என்பதே தீர்வாக இருந்தது. அந்தத் தீர்வின் உச்சம் 1954இல் வந்தது. வெம்பிளியில் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் 4-4 என்று சமனில் முடிக்க, மறு ஆட்டம் சில நாள் கழித்துப் பிராட்ஃபோர்டிலுள்ள ஆட்சல் மைதானத்தில், ஒரு வார நாளின் மாலையில், வைக்கப்பட்டது. ஆட்சல் ஒரு பெரும் பள்ளத்தில் அமைந்த மைதானம்; சரிவுகளில் நின்று பார்க்க எவ்வளவு கூட்டம் வந்தாலும் இடம் கொடுக்கும். அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு 1,02,569 பேர். வாரிங்டன் 8-4 என்று வென்றது. 1982இலும் ஹல் எஃப்.சி.யும் விட்னஸும் 14-14 என்று முடித்து, லீட்ஸில் நடந்த மறு ஆட்டத்தில் ஹல் எஃப்.சி. 18-9 என்று வென்றது.

மறு ஆட்டம் கூட்டத்தையும் வசூலையும் தரும். ஆனால் நிரம்பி வழியும் அட்டவணையில் அதற்கு இன்று இடமில்லை. இப்போது இருப்பது கோல்டன் பாயிண்ட். 80 நிமிடத்தில் சமன் என்றால் கூடுதல் நேரம் தொடங்கும். அதில் எந்த வகையிலேனும் முதலில் புள்ளி எடுப்பவர் அக்கணமே வென்றவர். ஆட்டம் முழுக்க யாரும் பெரிதாக மதிக்காத ஒரு புள்ளி டிராப் கோலுக்கு அங்கேதான் விலை ஏறுகிறது. 2023 இறுதிப் போட்டி இப்படி முடிந்தது. லீயும் ஹல் கே.ஆரும் 16-16 என்று நிற்க, லீயின் லாக்லன் லாம் அடித்த டிராப் கோலில் கோப்பை 17-16 என்று கை மாறியது. சேலஞ்ச் கோப்பை இறுதி ஒன்று கோல்டன் பாயிண்டில் முடிந்தது அதுவே முதல் முறை. லீ அணிக்கு அது 1971க்குப் பிறகு கிடைத்த முதல் சேலஞ்ச் கோப்பை.

சிறந்த அணிதான் வெல்கிறதா?

நாக்-அவுட் முறையைப் புதிதாக அறிபவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. எப்போதும் இல்லை என்பதே நேர்மையான பதில். 1998ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு இறுதிக்கு வந்த விகனுக்கு எதிரே ஷெஃபீல்டு ஈகிள்ஸ் நின்றது. கால்பந்தே ஆளும் நகரில் 1984இல் தொடங்கப்பட்ட இளம் கழகம் அது. ஜெயிக்கும் என்று சொன்னவர்கள் அரிது. ஜான் கியர் பயிற்றுவித்த அந்த அணி 17-8 என்று வென்றது. அதே விகன் அதே ஆண்டு லீக்கில் முதலிடம் பிடித்து, அவ்வாண்டு அறிமுகமான சூப்பர் லீக் இறுதிப் போட்டியையும் வென்றது. பல மாதங்கள் நீண்ட அளவீட்டில் விகன்தான் சிறந்தது. ஒரு பிற்பகலில் ஷெஃபீல்டு சிறந்தது. இரண்டு தொடர்களும் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கின்றன, ஆகவே இரண்டு வேறு விடைகள் வருவதில் முரண்பாடு இல்லை.

இதை வைத்துக்கொண்டு கோப்பை என்றாலே குருட்டு அதிர்ஷ்டம் என்ற முடிவுக்கு வருவதும் தவறு. 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் இதே கோப்பையை இதே விகன் வென்றது. குலுக்கல் எத்தனை முறை எப்படி விழுந்திருந்தாலும், எட்டு ஆண்டுகள் ஒரு கோப்பை ஆட்டத்தில்கூடத் தோற்காமல் இருப்பதற்கு அதிர்ஷ்டம் விளக்கமாகாது. முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்களை மற்றவர்களுக்கு முன்பே சேர்த்துக்கொண்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தத் தொடர் வெற்றி முறிந்ததும் ஒரு நாக்-அவுட் பிற்பகலில்தான்: 1996 பிப்ரவரியில் இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த சால்ஃபோர்டு, விகனை 26-16 என்று வீழ்த்தியது.

வெம்பிளியில் ஒரு பிற்பகல்

முதல் இறுதிப் போட்டி 1897இல் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் நடந்தது. பேட்லி 10-3 என்று செயின்ட் ஹெலன்ஸை வென்றது. 1929 முதல் இறுதிப் போட்டி லண்டனின் வெம்பிளிக்குப் போயிற்று. அரங்கம் மறுகட்டுமானத்தில் இருந்த ஆண்டுகளையும் வேறு சில விதிவிலக்குகளையும் தவிர, அது அங்கேயே நடந்துவருகிறது. வட இங்கிலாந்தின் சுரங்க ஊர்களுக்கும் நூற்பாலை ஊர்களுக்கும் சொந்தமான ஓர் ஆட்டம் ஆண்டுக்கு ஒருமுறை தலைநகருக்குப் போய் நிற்கும் நாள் என்பதால், இறுதிப் போட்டிக்கு ஆட்டத்தை மீறிய பொருள் ஒன்று சேர்ந்துகொண்டது. 1980இல் ஹல் நகரின் இரு கழகங்களும் இறுதியில் மோதியபோது, ஊரை விட்டு வெளியேறும் ஏ63 சாலையில் யாரோ ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள்: கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும். அந்த ஆட்டத்தில் ஹல் கே.ஆர். 10-5 என்று வென்றது.

ஒரே ஆட்டத்தில் எல்லாம் முடியும் என்பதன் கொடுமையை அறிய 1968 இறுதியைவிடச் சிறந்த பாடம் இல்லை. கொட்டிய மழையில் வெம்பிளி மைதானம் குளமாகக் கிடந்தது. பந்தும் ஆட்களும் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போனார்கள். கடைசி நிமிடங்களில் லீட்ஸ் 11-7 என்று முன்னிலையில் இருந்தது. வேக்ஃபீல்டு டிரினிட்டியின் கென் ஹர்ஸ்ட் ஓடும் பந்தைக் காலால் தட்டிக்கொண்டே போய்க் கம்பங்களுக்கு இடையே டிரை வைத்தார். அன்று டிரைக்கு 3 புள்ளிகள்தான், ஆகவே கணக்கு 11-10. மிச்சமிருந்தது கன்வெர்ஷன் மட்டும். கம்பங்களுக்கு நேர் எதிரே, எந்தப் பயிற்சியிலும் தவறாத உதை. உதைக்க வந்தவர் டான் ஃபாக்ஸ். ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான லான்ஸ் டாட் விருதுக்கு அவர் பெயர் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நனைந்த தரையில் கால் சரியாகப் பதியவில்லை, பந்து கம்பங்களுக்கு வெளியே விலகிப்போனது. லீட்ஸ் கோப்பையை எடுத்துக்கொண்டது. லீக்கில் அந்த உதை ஒரு சனிக்கிழமைத் தவறாக மறந்துபோயிருக்கும். நாக்-அவுட் இறுதியில் நடந்ததால் அது ஒரு நல்ல ஆட்டக்காரரின் வாழ்நாள் முழுவதும் அவரோடு வந்தது.

2025 ஜூன் 7 அன்று வெம்பிளியில் அந்தக் காட்சி ஏறத்தாழ மறுபடியும் அமைந்தது. காலையிலிருந்தே அரங்கம் இயங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் சேலஞ்ச் கோப்பை இறுதியில் விகன் 42-6 என்று செயின்ட் ஹெலன்ஸை வென்றது. சூப்பர் லீக்குக்கு வெளியே உள்ள கழகங்களுக்கான 1895 கோப்பையை யார்க் நைட்ஸ் 5-4 என்று ஃபெதர்ஸ்டோனிடமிருந்து வென்றது. ஆண்கள் இறுதியில் ஹல் கே.ஆருக்கு எதிரே வாரிங்டன். முந்தைய ஆண்டு இறுதியில் விகனிடம் 18-8 என்று தோற்றிருந்த வாரிங்டனுக்கு ஒரு பாக்கி இருந்தது. ஹல் கே.ஆரின் பாக்கி இன்னும் பழையது. 1985க்குப் பிறகு பெரிய பட்டம் எதுவும் இல்லை. கோப்பை இறுதிகளில் 1986இல் காசில்ஃபோர்டிடம் 15-14 என்று ஒரே புள்ளியில் தோல்வி, 2015இல் லீட்ஸிடம் 50-0 என்ற அவமானம், 2023இல் லீயிடம் கோல்டன் பாயிண்ட் தோல்வி.

வாரிங்டன் ஒரு டிரையும் கன்வெர்ஷனுமாக 6 புள்ளிகள் எடுத்தது; ஹல் கே.ஆருக்கு ஒரு பெனால்டி மூலம் 2 புள்ளிகள். 6-2 என்ற அந்தக் கணக்கு இரண்டாம் பாதி முழுவதும் அசையாமல் நின்றது. வாரிங்டனின் மார்க் ஸ்னீட் தன் உதைகளால் எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தள்ளிக்கொண்டிருந்தார். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் டைரோன் மே தரையோடு உருட்டிவிட்ட பந்தை விரட்டிப்போன டாம் டேவிஸ், கோட்டுக்கு அப்பால் அதை அமுக்கினார். 6-6. இப்போது கன்வெர்ஷன். உள்ளே போனால் கோப்பை, வெளியே போனால் கோல்டன் பாயிண்ட். ஈராண்டுக்கு முன் அவர்கள் கோப்பையை இழந்த அதே வழி. இடம் 1968இல் கிடைத்ததுபோல நேர் எதிரே அல்ல, பக்கவாட்டில். உதைத்தவர் ஹல் நகரிலேயே பிறந்து வளர்ந்த மிக்கி லூயிஸ். பந்து கம்பங்களுக்கு இடையே போனது. 8-6.

தோற்ற அணியில் இருந்தும் லான்ஸ் டாட் விருது மார்க் ஸ்னீட்டுக்கே கிடைத்தது. ஹல் எஃப்.சி.க்காக 2016இலும் 2017இலும் அதை வென்றிருந்த அவர், மூன்று முறை பெற்ற முதல் ஆட்டக்காரர் ஆனார். அன்றைய சிறந்த வீரர் யார் என்பதும் அன்று கோப்பை யாருக்கு என்பதும் வெவ்வேறு என்று டான் ஃபாக்ஸுக்குச் சொல்லப்பட்டது அவருக்கும் சொல்லப்பட்டது.

அந்த ஆண்டு லீக்கும் கோப்பையும் ஒரே விடையைத் தந்தன. ஹல் கே.ஆர். 27 ஆட்டங்களின் முடிவில் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அக்டோபர் 11 அன்று மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் விகனை 24-6 என்று வென்று சூப்பர் லீக் பட்டத்தையும் எடுத்தது. ஆனாலும் கோப்பையில் நடப்புச் சாம்பியனுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. அடுத்த சீசனின் குலுக்கலில் மற்ற சூப்பர் லீக் அணிகளைப் போலவே அதற்கும் ஓர் எண், ஒரு பந்துதான்.